ஜெராம் சேற்றுக்கரை, பாசிர் பெனாம்பாங் படகு, பாட்டி மரம் வெட்டும் காட்சி: வரைவதற்கு ஆலோசனை வேண்டும்

ஆறாம்நிரை

வணக்கம். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள புக்கிட் ரோத்தானிலிருந்து எழுதுகிறேன். வேலை நேரம் போக வீட்டில் வரைகிறேன், முறையாகப் பயின்றதில்லை. வீட்டு ஹாலில் மாட்ட மூன்று படங்கள் வரையத் திட்டம். முதலாவது, தண்ணீர் வற்றிய நேரத்து ஜெராம் கடற்கரை. இரண்டாவது, பாசிர் பெனாம்பாங்கில் கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகள். மூன்றாவது, பாட்டி மரம் வெட்டும் காட்சி, அதாவது தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரத்தின் பட்டையைப் பாலுக்காக வெட்டுவது. பாட்டிக்கு உள்ளங்கை அளவில் (6 x 9 செ.மீ.) ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் குடும்பமாக நின்று எடுத்த கலர் படம் ஒன்றும் உண்டு, அது முழுக்கச் சிவந்துவிட்டது.

நீர்வண்ணமா, அக்ரிலிக்கா? எந்தத் தாள்? கடலுக்கு எந்த நீலம்? பழைய படத்திலிருந்து முகத்தை எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நீர்க்கோடு

தம்பி, முதலில் கடலின் நிறத்தை முடிவு செய்யுங்கள். நம் கரையில் நீலக் கடல் இல்லை. ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் இங்கே அடங்காது. கரை ஆழமில்லாதது, ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் எப்போதும் கலங்கியே இருக்கும். பளிச்சென்ற தேலோ நீலத்தைக் கையில் எடுத்தால் படம் நீலக் கடல் சூழ்ந்த பெர்ஹெந்தியான் தீவாகிவிடும். கோல சிலாங்கூர்க்காரர் யாரும் அதைத் தன் ஊர் என்று சொல்லமாட்டார்.

ஜெராம் படத்துக்கு நான்கு வண்ணம் போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ண்ட் சியன்னா, ரா சியன்னா, பர்ண்ட் அம்பர். தூரத்துத் தண்ணீருக்கு ரா சியன்னாவில் அல்ட்ராமரின் கொஞ்சம் சேர்த்தால் சாம்பல் கலந்த பழுப்பு வரும். பக்கத்துச் சேற்றுக்கு அம்பரும் அல்ட்ராமரினும். இவற்றில் அல்ட்ராமரினும் அம்பரும் தாளின் குழிகளில் துகளாகத் தங்கும் வகை. கோல்ட் பிரஸ் (மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பான) தாளில் அந்தத் துகள்களே சேற்றின் சொரசொரப்பைக் கொடுத்துவிடும், தூரிகையால் புள்ளி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தாள் 300 ஜிஎஸ்எம், நூறு சதவீதம் பருத்தி. முழுத் தாள் 56 x 76 செ.மீ. இருக்கும், அதைப் பாதியாக வெட்டினால் 38 x 56. முதல் படத்துக்கு இந்த அளவு சரி. மரக்கூழ்த் தாளில் ஈர வேலை செய்தால் இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிக்கொண்டு வரும். சேறு என்பது மூன்று பூச்சு வேலை, அதில் நிற்காது.

வேலை வரிசை இது. தாளைப் பலகையில் ஒட்டி, தொடுவானக் கோட்டை மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் வையுங்கள், ஏனென்றால் இந்தப் படத்தில் சேறுதான் கதாநாயகன். முழுத் தாளையும் நனைத்து, வானத்தையும் சேற்றையும் ஒரே பூச்சில் போடுங்கள். ஈரச் சேறு வானத்தைத்தான் காட்டுகிறது, இரண்டுக்கும் ஒரே கலவை. வெயிலை எதிர்த்துப் பார்க்கும்போது ஈரச் சேறு தண்ணீரைவிடப் பிரகாசமாகக்கூட இருக்கும். தாளின் மினுமினுப்பு அடங்கியதும் சேற்று மேடுகளை மெதுவான ஓரத்தோடு வையுங்கள். முழுவதும் காய்ந்த பிறகுதான் ஓடைகளின் கூரான கரை.

அந்த ஓடைகளில்தான் பெரும்பாலான படம் விழும். சேற்றில் நெளியும் ஓடையை மேலிருந்து பார்ப்பதுபோல் பெரிய பெரிய வளைவாகப் போட்டால், சேறு தரையில் கிடக்காமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். கண்மட்டத்திலிருந்து பார்க்கையில் தூரத்து வளைவுகள் ஏறக்குறையக் கிடைக்கோடாகச் சப்பையாகிவிடும். காலடியில் இருக்கும் முதல் வளைவுக்கு மட்டும் உருண்டை இருக்கலாம். இரண்டாவது அதில் பாதி உயரம், மூன்றாவது கால்வாசி, அதற்கப்பால் வெறும் கோடு.

சாயப்பலகை

நீர்க்கோடு அக்கா சொன்ன வண்ணங்கள் சரி. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவரை நேராக நீர்வண்ணத்துக்கு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம் ஊர்க் காற்றில் ஈரம் 85 சதவீதம் சர்வசாதாரணம். குளிர்நாட்டுக்காரர் காணொளியில் மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கும் மினுமினுப்பு, மழைக்கு முந்திய மாலையில் இங்கே பத்து, பதினைந்து நிமிடம் நிற்கும். காணொளியைப் பார்த்து அதே நேரக் கணக்கில் இரண்டாம் பூச்சு போட்டால் காலிபிளவர் மாதிரி பூத்துவிடும்.

அக்ரிலிக்கில் தப்பு நடந்தால் மேலே பூசிக்கொள்ளலாம். 40 x 50 செ.மீ. கேன்வஸ், டைட்டானியம் வெள்ளையோடு மேலே சொன்ன நான்கு வண்ணம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். வானத்தைக் கலக்கும்போதே நினைத்ததைவிடக் கொஞ்சம் வெளிறலாகக் கலக்க வேண்டும். ஒரு சொட்டைத் தாளில் வைத்துக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். விசிறிக்குக் கீழே பலகையில் வண்ணம் பத்து நிமிடத்தில் தோல் கட்டும்; தட்டையான டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் வெண்ணெய்த் தாள் போட்டு, தாளின்மேல் வண்ணத்தை வைத்தால் மறுநாளும் உயிரோடு இருக்கும்.

நீர்க்கோடு

பூக்கும் சிக்கலுக்கு வண்ணத்தை மாற்ற வேண்டியதில்லை. விதி ஒன்றுதான்: தாளில் இருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். தூரிகையைக் கழுவியதும் துணியில் ஒருமுறை ஒற்றினால் போதும். தாளைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் எதையும் விடலாம், எல்லாம் கலந்துவிடும். பட்டு மாதிரி மங்கினால் கெட்டியான வண்ணத்தை மட்டும் விடலாம். மினுமினுப்பு போய், தொட்டால் சில்லென்று இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும், அந்தக் கட்டத்தில்தான் பூக்கும். முடி உலர்த்தியை மினுமினுப்பு அடங்கிய பிறகு ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். முன்னாலேயே காட்டினால் காற்று வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

சேற்றுக்கரைக்கு நீர்வண்ணம்தான் என்பதில் மாறமாட்டேன். பாட்டி படத்துக்கும் படகுக்கும் அக்ரிலிக் என்றால் மறுப்பில்லை.

இன்னொன்று, தேன் கலந்த வண்ணங்களை வாங்க வேண்டாம். நம் ஈரத்தில் அவை பெட்டியில் காயவே காயாது, சாய்த்தால் ஒழுகும். எந்த வண்ணப் பெட்டியையும் ஈரத்தோடு மூடினால் ஒரு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை வந்துவிடும். இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள்.

கண்டல்காடு

வரைவதற்கு முன் போய்ப் பார்க்கும் நேரம் பற்றி. கிள்ளான் துறைமுகத்துக்கான ஏற்ற இறக்க அட்டவணை கிடைக்கும், ஜெராமுக்கும் கோல சிலாங்கூருக்கும் அதையே ஒட்டிக் கணக்கு வைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றல். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் தண்ணீர் வெகுதூரம் வற்றும். அடிவற்றலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வற்றிக்கொண்டிருக்கும்போது ஓடைகளில் தண்ணீர் ஓடும், சேறு பளபளக்கும். அடிவற்றல் தாண்டி வெயில் ஏறினால் மேல்சேறு காய்ந்து ஒரே மண் நிறமாகிவிடும், படத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். சூரியன் செங்குத்தாக இறங்கும், கடலில் மறைந்த பிறகு இருபது நிமிடம் வெளிச்சம் இருந்தால் அதிகம். அந்த நேரத்தில் வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் பாதியில் இருட்டிவிடும். நேரில் போகும்போது பென்சிலும் சிறு தாளும் மட்டும் போதும். இருட்டு வெளிச்சத்தை ஐந்து படியாகப் பிரித்து 1 முதல் 5 வரை எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வானம் 1, ஈரச் சேறு 2, தண்ணீர் 2, காய்ந்த மேடு 3, கண்டல் மரக்கூட்டம் 4, ஓடைக் கரையின் அடிநிழல் 5. கைப்பேசியை நம்ப முடியாது. அது சூரியனைக் காப்பாற்றச் சேற்றைக் கறுப்பாக்கும், அல்லது எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெளிச்சமாக்கும்.

கண்டல் மரங்களை ஒரே பச்சையில் போட்டுவிடாதீர்கள். கடலுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் அப்பி அப்பி. அதன் இலையின் அடிப்பக்கம் வெளிர்சாம்பல், அதனால் காற்றில் கூட்டமே வெள்ளி கலந்த பச்சையாகத் தெரியும். சேற்றிலிருந்து பென்சில் முனைபோல் நூற்றுக்கணக்கில் வேர் குத்திட்டு நிற்கும். முட்டுக்கால் மாதிரி வளைந்த வேர் பாக்காவ் மரத்துக்கு உரியது. இலை மஞ்சள் கலந்த பச்சை, பளபளப்பானது. ஆற்றுக்குள் போனால் பெரெம்பாங், கம்போங் குவாந்தானில் மின்மினி கூடும் மரம் அதுதான். ஆற்றோரத் தாழ்வில் நிப்பாப் பனை. கடற்கரைப் படத்தில் நிப்பாவை வைத்தால் ஊர்க்காரர் கேள்வி கேட்பார்.

பின்னணியில் புக்கிட் மெலாவத்தி வெளிச்சவீட்டைச் சேர்க்க ஆசை வரும். 1907ல் கட்டப்பட்டது, பாட்டி காலத்துப் படத்திலும் அது நிற்கலாம், காலக்குழப்பம் வராது. ஆனால் ஜெராம் கரையில் நின்று பார்ப்பதுபோல் வரையும் படத்தில் அதைப் பெரிதாக நட்டுவிடக் கூடாது. படகுப் படத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம்நிரை

மிக்க நன்றி. ஜெராம் நீர்வண்ணத்தில், மற்ற இரண்டும் அக்ரிலிக்கில் என்று முடிவு செய்கிறேன். படகு வரைவதில் முன்பக்க வளைவு சரியாக அமைவதில்லையே, அதற்கு ஏதும் வழி உண்டா? பாட்டி படத்துக்கும் யாராவது சொன்னால் நல்லது.

சாயப்பலகை

படகுக்கு: முதலில் படகு அடங்கும் செவ்வகப் பெட்டியை முப்பரிமாணத்தில் போடுங்கள். பெட்டியின் அடித்தளத்தில் நடுக்கோடு ஒன்று இழுத்து, அதை முன்முனைக்கு ஏற்றுங்கள், அதுதான் படகின் முதுகெலும்பு. மேல் விளிம்பு இரண்டும் அந்த முனையில் சந்திக்க வேண்டும். கண்ணுக்கு அருகில் இருக்கும் விளிம்பின் வளைவு ஆழமாக இருக்கும், அப்பால் உள்ளது அதைவிடத் தட்டை. இரண்டையும் ஒரே வளைவாகப் போடுவதால்தான் படகு வாழைப்பழம் மாதிரி ஆகிவிடுகிறது.

பிரதிபலிப்பில் இரண்டு கணக்கு. கறுத்த பொருளின் நிழலுரு தண்ணீரில் கொஞ்சம் வெளுத்துத் தெரியும்; வெளுத்த பொருளின் உரு கொஞ்சம் கறுத்துத் தெரியும். சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர் பழுப்பு, ஆகவே எல்லா நிழலுருவிலும் அந்தப் பழுப்பு கலக்கும். நீலப் படகின் உரு தண்ணீரில் சாம்பல்பச்சையாகத்தான் வரும். அடுத்து, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத் தூண்களில் காட்டுங்கள். ஏற்றத்தின்போது நனையும் பகுதி கறுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்தும், மேலே உள்ள பகுதி வெளுத்த சாம்பல் மரமாகவும் இருக்கும். அந்த ஒரு கோடு எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் படித்துறையே சரிந்ததுபோல் ஆகிவிடும்.

பழையலயம்

பாட்டி படத்துக்கு நான் சொல்கிறேன், தம்பி. இந்த மூன்றில் அதிகக் கவனம் வேண்டியது இதுதான். கடலைச் சற்றுத் தவறாக வரைந்தால் கவிதை என்று விட்டுவிடுவார்கள். மரம் வெட்டுவதைத் தவறாக வரைந்தால், தோட்டத்தில் இருந்த எந்த அத்தையும் பெரியம்மாவும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

வெட்டின் திசை: மரத்துக்கு எதிரே நின்றால் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. சாய்வு ஏறத்தாழ 30 பாகை. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். வெட்டு மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஓடும். உருண்டையான மரத்தில் ஓடுவதால் படத்தில் அது நேர்க்கோடாக இருக்காது. ஓரங்களில் வேகமாக வளைந்து மறையும். தாழ்ந்த முனையிலிருந்து ஒரு சிறு நேர்வெட்டு இறங்கும், அதன் அடியில் தகரத் தூம்பு, அதற்குக் கீழே கம்பியில் பால் சேரும் மங்கு.

வெட்டு வெட்டாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சாண். ஆகவே வெட்டுக்கு மேலே இருப்பது புதிதாக வளர்ந்த பட்டை: வழவழப்பு, நிறம் வெளுப்பு, வெட்டுக்கு இணையாக மெல்லிய வரிகள். வெட்டுக்குக் கீழே இருப்பது இன்னும் கத்தி படாத பட்டை: சொரசொரப்பு, சாம்பல் பழுப்பு, வெள்ளைப் பாசித் திட்டு. பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். வெட்டின் உயரம் பாட்டி நிற்கும் விதத்தையும் முடிவு செய்கிறது. புதிதாகத் திறந்த மரம் என்றால் வெட்டு நெஞ்சு மட்டத்தில், நிமிர்ந்த உடம்பு. பல வருடம் வெட்டிய மரம் என்றால் வெட்டு முழங்காலுக்கு வந்திருக்கும், அப்போது முதுகு வளைந்தே ஆக வேண்டும். கத்தியை இழுத்து வெட்டுவதால் உடம்பு மரத்தைச் சுற்றிப் பின்வாங்கும், எடை பின்காலில். கையை நீட்டிக் குத்துவதுபோல் வரைந்தால் அது உளி வேலை ஆகிவிடும்.

மரத்தின் பருமன்: சுற்றளவு 50 செ.மீ. வந்ததும் வெட்டத் திறந்துவிடுவார்கள், குறுக்களவு 16 செ.மீ. தான். இளம் மரம் ஒரு பெண்ணின் இடுப்பைவிட மிக ஒல்லி. ஆலமரம் மாதிரி வரைய வேண்டாம்.

உடை: நீளக்கை சட்டை, கைலி, தலையில் சுற்றிய துணி. கொசுவுக்காகவும் அட்டைக்காகவும் உடம்பு மூடியிருக்கும். வேலைக்காட்டில் பட்டுச்சேலையும் பூவும் வைத்து வரைந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகாக இருக்கும், பாட்டி இருக்கமாட்டார். பக்கத்தில் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் இரண்டு வாளியும் வைக்க நினைத்தால் யோசியுங்கள்: வெட்டு விடியலில், பால் எடுப்பது சில மணி நேரம் கழித்து. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் நேரம் குழம்பும். விடியல் படம் என்றால் தலை விளக்கு, ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்த பழைய பால்) போடும் கூடை, கத்தி. போதும்.

பால் வெள்ளையை டைட்டானியத்தில் அள்ளி அப்பாதீர்கள். புதுப் பால் வெட்டில் நூல் அளவுதான் ஓடும். மங்கில் நிறையும்போது கொஞ்சம் மஞ்சள் சாடை. பழைய பால் பட்டையில் வழிந்து காய்ந்த இடம் பழுப்பு, பிறகு கறுப்பு. படத்திலேயே அதிக வெளிச்சமான இடம் அந்த நூல்தான் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே அடக்குங்கள், கண் நேராக அங்கே போகும்.

கண்டல்காடு

பழையலயம் ஐயா சொன்னதோடு ஒன்று. காலம் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன் மஞ்சளும் செம்மண் சிவப்புமாகும். மற்ற மாதங்களில் உள்ளே பச்சை இருட்டு. நிரைகள் தூரம் போகப் போக மரங்கள் மெலிந்து, நீலச்சாம்பலாகி, வெளுத்துப் போக வேண்டும். மூன்று அடுக்காக வையுங்கள்: முன்மரங்கள் 4, நடுமரங்கள் 3, கடைசி நிரை 2.

பின்னால் செம்பனை (பாமாயில் பனை) வைக்கலாமா என்று கேட்பீர்கள். நம் வட்டாரத்தில் வைக்கலாம். மலாயாவில் வணிக முறையில் செம்பனை முதலில் நடப்பட்டதே 1917ல், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். ஆனால் பாட்டி வேலை செய்த தோட்டத்தில் அப்போது இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வையுங்கள். செம்பனையை முக்கோணமாக, சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அதனால் ஒரே இடத்தில் நின்றால் நிரைகள் நேரேயும், இரண்டு சாய்வுத் திசையிலும் ஓடித் தெரியும்.

நீர்க்கோடு

பழைய படத்தைக் கையாளும் முறை.

கறுப்பு வெள்ளைப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 9 செ.மீ. பக்கம் ஏறத்தாழ 4,250 பிக்சல் கிடைக்கும். 300 டிபிஐயில் அச்சிட்டால் 36 செ.மீ. கைப்பேசியில் எடுப்பதாக இருந்தால் கிட்டே கொண்டுபோகாமல் இரண்டு மடங்கு ஜூமில், தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் ஓரங்கள் இழுபட்டு முகம் அகலமாகிவிடும்.

பிரதியில் 1 செ.மீ. கட்டம் போடுங்கள், அசலில் பென்சில் படக் கூடாது. கேன்வஸில் 5 செ.மீ. கட்டம் போட்டால் 6 x 9 படம் 30 x 45 ஆகும், 40 x 50 கேன்வஸில் ஓரத்துக்கு இடம் விட்டு அடங்கும். முகம் உள்ள கட்டத்தை மட்டும் இன்னும் நான்காகப் பிரியுங்கள்.

படம் கண்ணாடிப் பிரதியாகப் புரண்டிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவிலிருந்து மறுபிரதி எடுத்தவற்றில் இது அடிக்கடி நடக்கும். சேலை முந்தானை இடத் தோளில் இருக்க வேண்டும்; ஆண்களின் சட்டைப் பை அவர்களின் இடப்பக்கம்; வெட்டுக்கோடு இடமிருந்து வலம் இறங்க வேண்டும். மூன்றும் மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிடுங்கள். பாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் ஒப்பிடலாம்.

சிவந்த கலர் படத்தில், அந்தக் காலத்துப் படத்தாளின் சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளுத்துவிட்டது, அதனால் சிவப்பு மேலோங்கிவிட்டது. அதிலிருந்து தோல் நிறத்தை எடுக்கக் கூடாது. படத்தில் வெள்ளையாக இருந்தே தீர வேண்டிய ஒன்றைத் தேடுங்கள்: பனியன், வேட்டி, சுண்ணாம்புச் சுவர். அது வெள்ளையாகும் வரை கைப்பேசியிலேயே சிவப்பைக் குறைத்தால் மற்ற நிறங்கள் ஓரளவு தானாகத் திரும்பும்.

சாயப்பலகை

தோல் நிறம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கடையில் 'ஸ்கின்' என்று விற்கும் குழாயைத் தொடாதீர்கள், அது நம் யாருடைய தோலும் இல்லை. நம் நிறத்துக்கு அடிப்படை பர்ண்ட் சியன்னாவும் யெல்லோ ஓக்கரும் சம அளவு. நடுநிறத்துக்கு பர்ண்ட் சியன்னா மூன்று பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு. ஆழ்ந்த நிழலுக்கு பர்ண்ட் அம்பர், அல்ட்ராமரின், கொஞ்சம் குயினாக்ரிடோன் ரோஸ். கறுப்பு வேண்டாம், முகம் கரி பூசியதுபோல் செத்துவிடும்.

வெளிச்சம் விழும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுவது. கறுத்த தோலில் வெளிச்சம் மஞ்சளாகவோ ரோஜாவாகவோ இருக்காது. வானத்தின் நிறத்தைப் பிரதிபலிக்கும். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு மூன்றிலும் வெளிறிய நீலச்சாம்பல். அல்ட்ராமரின், வெள்ளை, ஒரு துளி சியன்னா. கித்தாக் காட்டுக்குள் என்றால் அந்த வெளிச்சத்தில் பச்சைச் சாடை சேரும். நிழல் பக்கம் சூடாக, சிவப்பு கலந்து இருக்க வேண்டும். வெளிச்சம் குளிர்ச்சி, நிழல் சூடு: இது புரிந்துவிட்டால் முகம் உயிரோடு வரும். தலை விளக்கு எரியும் விடியல் என்றால் கணக்கு மாறும். விளக்கின் மஞ்சள் விழுவது மரத்தில். பாட்டி முகத்துக்கு வருவது பட்டையில் பட்டுத் திரும்பும் மங்கிய வெளிச்சம் மட்டுமே.

முகம் சிறியது. இந்த அளவுப் படத்தில் தலை 4 செ.மீ. இருந்தால் அதிகம். கண் இமையை ஒவ்வொன்றாக வரைய இடமில்லை. கண்குழி நிழல், மூக்கடி நிழல், கீழுதட்டடி நிழல் மூன்றும் சரியான இடத்தில் விழுந்தால் அது யார் என்று தெரிந்துவிடும்.

மஞ்சள்சுவர்

இத்தனை விவரம் படித்துவிட்டு ஒரு வேண்டுகோள். அந்தக் கலர் படத்தைப் பார்த்து லயத்தையும் வரைவதாக இருந்தால் அதைக் கொஞ்சம் அழகாக்கி வரையுங்களேன். கூரைத் துருவும் கறையும் எதற்கு? ஹாலில் மாட்டும் படம், பார்க்கிற பிள்ளைகளுக்கு நல்லதாகத் தெரிய வேண்டும்.

பழையலயம்

அக்கா, அந்த எண்ணம் புரிகிறது. ஆனால் துருவை எடுத்துவிட்டால் அது எந்த ஊர் வீடாகவும் ஆகிவிடும். லயத்தை லயமாகக் காட்டுவது அந்தக் கூரைதான். துரு எல்லா இடத்திலும் வராது: ஆணி அடித்த வரிசையில், தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், தண்ணீர் சொட்டும் கீழ்விளிம்பில். நடுவில் வெளிர்சாம்பல்தான். கூரை வரிகளை எல்லாம் இழுக்கவும் வேண்டாம். நெளிதகட்டின் ஒரு நெளி மூன்று அங்குலம். பத்தடி அகல அறைக்கு நாற்பது நெளி வரும். கீழ்விளிம்பில் மட்டும் நெளியைக் காட்டி, மேலே போகப் போகக் கோட்டைக் கரைத்துவிடுங்கள்.

அழகு வேண்டும் என்றால் வாசலில் இருக்கிறது: வீட்டுக்கு வீடு வேறுபட்ட திரைச்சீலை, மண்தொட்டிச் செடி, கொடியில் காயும் கைலி. நிறம் அங்கே தாராளமாகப் போகட்டும். எல்லா வீட்டுக்கும் சுவர் ஒரே சுண்ணாம்பு நிறம் என்பதால் அந்தச் சிறு நிறங்கள் தெறித்து நிற்கும்.

மஞ்சள்சுவர்

கைலிக்கொடி நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன்.

கண்டல்காடு

மாட்டுவதைப் பற்றியும் இப்போதே யோசித்துவிட வேண்டும். ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரும், நம் வீடுகளில் அது அன்றாடம். நீர்வண்ணப் படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டை குறைந்தது 2 மி.மீ. தடிமனில் நடுவில் இருக்க வேண்டும். பின்னால் சாதாரண அட்டை வைத்தால் சில ஆண்டில் தாள் ஓரமாகப் பழுப்பாகும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அவை குளிர்ந்து வியர்க்கும்.

அக்ரிலிக் படங்களை ஒன்றோடொன்று முகம் வைத்து அடுக்கினால் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். குமிழி பிளாஸ்டிக் நேராகப் பட்டால் வட்ட வட்டமாக அச்சு விழும். நடுவில் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் போடுங்கள்.

ஆறாம்நிரை

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பாட்டியின் தலைத்துணி சிவப்பு என்று அத்தை சொல்கிறார். வீட்டில் அலிசரின் கிரிம்சன் குழாய் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

நீர்க்கோடு

குழாயின் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். மெல்லிய பூச்சாக இருந்தால் இன்னும் சீக்கிரம். 'பெர்மனன்ட்' என்று பெயரில் போட்டு பி.ஆர். 177 அல்லது பி.வி. 19 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்ரா ரோஸ் பக்கமும் போக வேண்டாம், அதுவும் நிற்காது.

துணி வேலைக்காட்டில் வெயிலும் வியர்வையும் பட்டது, கடைச் சிவப்பில் இருக்காது. பி.வி. 19 இரண்டு பங்கு, பர்ண்ட் சியன்னா ஒரு பங்கு கலந்து, மடிப்பின் உள்ளே அல்ட்ராமரின் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு சிறு துண்டில் பூசிக் காயவிட்டு அத்தையிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கேன்வஸில் வையுங்கள். படம் முடிந்ததும் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் பாட்டி பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதுங்கள். பேனா மை கேன்வஸ் துணியில் ஊறி முன்பக்கம் வரலாம், அதனால் பென்சில்.